ஆணிகளால் ஆன முரசு

றொக் இசைக்குழு ஒன்றின் டிரம்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகும்போது அங்கே பதிவாவது எது என்னும் வினா, ஒலிப்பொறியாளர் மட்டும் கவலைப்பட வேண்டியதொன்றாக முதற்பார்வைக்குத் தோன்றும். ஆயினும் ஒலியின் இயல்பு பற்றி வழக்காடிய வைசேடிகரும் பௌத்தரும் உபநிடத ஆசிரியரும் எடுத்துக்காட்டுத் தேடியபோதெல்லாம் முரசின் பக்கமே திரும்பினர் என்பதை நினைவிற் கொண்டால், அதே வினா சமயத்துக்கும் தத்துவத்துக்கும் உரியதாகிவிடும். முரசும் கோலும் அடிப்பவரும் கேட்பவரும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் இருக்கின்றனர் என்பது அவ்வழக்குகள் யாவற்றுக்கும் பொதுவான எடுகோள். அதை எவரும் எடுத்துரைக்கவில்லை, எடுத்துரைக்க வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. 1877ஆம் ஆண்டு எடிசன் ஒலியைப் பொறித்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை ஆக்கியதோடு அந்த எடுகோள் சரிந்தது. அது சரிந்த பின் பழைய வழக்குகளில் எவை நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்று ஆராய்வதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள். ஆராய்ச்சிக்குரிய நிலமாக முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாற்றங்கரை கொள்ளப்படுகிறது. றொக் இசைக்கும் அவ்வூருக்கும் நேர்த்தொடர்பு ஏதுமில்லை என்றாலும், வலையிழுக்கும் பாட்டின் அடி, கூத்து மத்தளத்தின் அடி, கோயிலில் மின்விசையால் ஓடும் மேளத்தின் அடி எனக் காலத்தோடு மூன்று விதமாக உறவுகொள்ளும் அடிகள் அக்கரையோரத்தின் வாழ்விலே அருகருகே கிடப்பதால், வினாவை அங்கே வைத்துப் பார்ப்பது எளிது.

டிரம்ஸ் என்பது தனியொரு வாத்தியம் அன்று. ஒருவரே இரு கைகளாலும் இரு கால்களாலும் இயக்கும் பல வாத்தியங்களின் தொகுதி. காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெருமுழவு ‘கிக்’ எனவும், அடித்தோலின் கீழ்க் கம்பிச்சரம் பூட்டிய சிறுமுழவு ‘ஸ்நேர்’ எனவும், அவற்றைச் சூழ்ந்த இடைத்தர முழவுகள் ‘டொம்’ எனவும், வெண்கலத் தட்டுகள் ‘சிம்பல்’ எனவும் வழங்கப்படும். ஒலிப்பதிவின்போது இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைக்கப்படும். தலைக்கு மேல் இரண்டும், அறையின் தூரத்து மூலையில் ஒன்றிரண்டும் சேர, எண்ணிக்கை பத்தைத் தாண்டுவது வழமை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், ஒரு மீற்றர் தள்ளி நிற்கும் ஒலிவாங்கி ஏறத்தாழ 3 மில்லிவினாடி பிந்தியே அந்த அடியைப் பெறுகிறது. ஸ்நேர் முழவுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகள் வைக்கும் வழக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கோல் தோலைத் தாக்கும் கணத்தில் இரு தோல்களும் கீழ்நோக்கியே அசைகின்றன. மேலுள்ள ஒலிவாங்கிக்குத் தோல் விலகிச் செல்கிறது, கீழுள்ளதற்கோ அதே கணத்தில் தோல் நெருங்கி வருகிறது. இரண்டின் சாட்சியமும் உண்மையே. ஆனால் இரண்டையும் அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொண்டு, ஸ்நேர் மெலிந்து வற்றிப்போகும். ஆகையால் ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிய பின்னரே பொறியாளர் மற்றதோடு சேர்க்கிறார். ஒரே அடிக்கு இரு உண்மைகள் உண்டு, அவற்றுள் ஒன்றைப் புரட்டினாலன்றி அவை சேர்ந்து நில்லா என்பது, ஒரு பொருளைப் பற்றிய கூற்று பார்வைநிலையைப் பொறுத்தே மெய்யாகும் எனக் கூறும் சமணரின் அநேகாந்தவாதிக்கு மிகவும் பிடித்துப்போயிருக்கும்.

இவ்வாறு சேர்த்தெடுத்த ஒலி யாருடைய காதுக்குக் கேட்ட ஒலி என்பது அடுத்து எழும் வினா. பெருமுழவின் வயிற்றுக்குள்ளும், ஸ்நேர்த் தோலுக்கு இரண்டு அங்குலம் மேலும், சிம்பலுக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்திலும் ஒரே வேளையில் செவி வைத்திருப்பவர் உலகில் எவருமிலர். வாசித்தவருக்கே அந்த ஒலி அவ்வாறு கேட்கவில்லை. இறைவன் செவியின்றியே கேட்கிறான் என்று சுவேதாசுவதர உபநிடதம் கூறுகிறது. ஒலிப்பதிவுக்கூடம் தன் வேலைக்காகக் கற்பித்துக்கொள்ளும் கேட்போனும் ஏறக்குறைய அத்தகையவன். எங்கும் இருந்து கேட்கிறான், ஓரிடத்திலும் உட்கார்ந்திருப்பதில்லை.

அடுத்த படி காலத்தைப் பற்றியது. வாசிப்பவரின் காதணிக் கருவிக்குள் ‘கிளிக்’ எனப்படும் ஓர் ஒலி, மாறாத இடைவெளியில் ஓயாது சொட்டிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 120 என்று நிருணயித்தால் ஒவ்வொரு சொட்டுக்கும் அரை வினாடி. பாட்டு முழுவதும் அவர் அந்தச் சொட்டோடு ஒட்டி வாசிக்க வேண்டும். பிசகிய அடிகளைப் பின்னர்க் கணினியில் கட்டத்துக்குக் கட்டம் இழுத்து நிறுத்தலாம். இதன் பின்னும் ஓர் அடியின் ஒலி திருப்தி தராவிட்டால், முன்பே பதிந்து வைத்த துப்புரவான வேறோர் அடியை அதன் இடத்தில் ஏற்றலாம். 1980இல் வெளிவந்த ஸ்டீலி டான் குழுவின் ‘கௌச்சோ’ என்னும் இசைத்தட்டுக்காகப் பொறியாளர் ரொஜர் நிக்கல்ஸ் ‘வென்டெல்’ என்றொரு கருவியை ஆக்கி, பதிந்த முழவொலிகளைத் தாம் வேண்டிய கணத்தில் வேண்டியவாறு ஒலிக்கச் செய்தார்; அன்று ஒருவருடைய பிடிவாதமாக இருந்தது இன்று எந்த மடிக்கணினியிலும் கிடக்கும் வசதி. முடிவில் கேட்போர் பெறுவது, எவரும் எந்நாளிலும் ஒரு தடவையேனும் முழுமையாக வாசித்திராத ஒரு வாசிப்பு.

கிளிக்கின் பின்னே நிற்பது வைசேடிகரின் காலக் கோட்பாடு எனலாம். காலம் ஒன்றே, எங்கும் பரந்தது, அழிவற்றது, நிகழ்ச்சிகள் யாவும் அதற்குள்ளே நிகழ்கின்றன என்பது அவர் கொள்கை. கரையோர வன்னியில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் காலம் அத்தகையதன்று. வலை கனக்கும்போது அடி நீளும், நீரோட்டம் தளரும்போது அடி குறுகும். மடி கரையை அண்மிக்க அண்மிக்க இழுப்போரின் மூச்சே தாளமாகிவிடும். அங்கே காலம் முன்னதாக இருந்து வேலையை அளப்பதில்லை, வேலையே காலத்தைப் பெறுகிறது. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்சு வலையை இழுக்கும் இடங்களில் அம்பா அடங்கிப்போனதும் இதனாலேயே: பாரம் இயந்திரத்துக்குப் போனபோது அடியும் அதனோடு போயிற்று. பழைய தாள நூல்கள் தாளத்தின் உயிர்நிலைகள் பத்து எனக் கணக்கிடும்போது காலத்தையும் லயத்தையும் வெவ்வேறாக எண்ணின. லயம் என்பது அடிகளுக்கு இடைப்பட்ட ஓய்வின் இயல்பு. கிளிக்குக்குக் காலம் உண்டு, லயம் இல்லை என்று சொல்வது கடுமையாகத் தோன்றினும் பொய்யாகாது.

அடியடியாக மாற்றீடு செய்யும் இந்த முறைக்கு மிகப் பொருத்தமான உவமையைத் தேடி இக்காலத்து நூல்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. பாளி மொழியிலுள்ள சங்யுத்த நிகாயத்தில் ‘ஆணி சுத்தம்’ என்றொரு சிறிய சூத்திரம் இருக்கிறது. தசாரகர் என்னும் குலத்தாரிடம் ஆனகம் என்றொரு முரசு இருந்தது. அது வெடிக்குந்தோறும் வெடிப்பிலே ஓர் ஆணியை அறைந்து இறுக்கினர். வெடிப்புகள் பெருகப் பெருக ஆணிகளும் பெருகி, கடைசியில் பழைய முரசின் உடல் மறைந்து ஆணிகளின் தொகுதி மட்டுமே எஞ்சியது என்பது அதிலுள்ள செய்தி. தம்முடைய ஆழ்ந்த உரைகளுக்கும் இக்கதி நேரும் என்றும், பிற்காலத்தார் அவற்றை விட்டுக் கவிகள் புனைந்த அலங்காரச் சொற்களுக்கே செவி சாய்ப்பர் என்றும் புத்தர் அதைக் கொண்டு எச்சரிக்கிறார். முன்பு 12 யோசனைத் தூரம் கேட்ட அம்முரசு, பின்னர்த் திரைக்கு அப்பால் இருப்பவருக்கும் கேட்காமற் போயிற்று என்று உரையாசிரியர் விரிக்கிறார். அம்முரசு பெரியதொரு நண்டின் கொடுக்கினாலே செய்யப்பட்டது என்பது சாதகக் கதை. களப்பு நண்டைக் கையாற் பிடித்துப் பழகிய நாயாற்றுக்காரருக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் எளிதாக மனத்திற் படியக்கூடும்.

இந்த உவமையில் ஒரு சிக்கல் உண்டு, அது கவனிக்கத்தக்கது. உறுப்புகளுக்கு அப்பால் ‘தேர்’ என்றொரு பொருள் இல்லை, அது வழக்குச் சொல் மட்டுமே என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு நிறுவிக் காட்டியதைப் பௌத்தம் தன் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றுகிறது. அவ்வாறாயின் ஆனகம் என்றொரு முரசும் ஒருபோதும் இருந்ததில்லை; முதலில் கொடுக்கும் தோலுமான ஒரு தொகுதி, பின்னர் ஆணிகளான ஒரு தொகுதி, அவ்வளவே. மறைந்ததற்காக வருந்துவதற்கு அங்கே எதுவும் இருக்க நியாயமில்லை. இச்சிக்கலை அவிழ்க்கும் நூல் உரையாசிரியர் சொன்ன அந்தத் தூரக் கணக்கிலே இருக்கிறது. அவர் முரசின் அடையாளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அது எவ்வளவு தூரம் கேட்டது, பின்னர் எவ்வளவு தூரம் கேட்கவில்லை என்பதையே பேசுகிறார். ஒரு பொருள் உளது என்பதற்குச் சான்று அது ஆற்றும் செயலே எனப் பிற்காலத்தில் தருமகீர்த்தி வகுத்த அளவுகோலுக்கு இது முற்றிலும் இசைவானது. ஒலிப்பதிவுக்கூடத்து டிரம்ஸ் ‘அசலா, போலியா’ என்று இரசிகர்கள் மல்லுக்கட்டும் வழக்கு, இந்த அளவுகோலின்படி தவறான இடத்தில் நடக்கும் வழக்கு. எத்தனை அடிகள் மாற்றப்பட்டன என்பதை விட, மாற்றப்பட்ட பின் அது எதுவரை சென்று எதைச் செய்கிறது என்பதே கேட்கத்தக்கது.

பௌத்தச் சூத்திரத்தையும் சைவத் தருக்கத்தையும் நாயாற்றங்கரையில் ஒன்றாக எடுத்துப் பேசுவது இன்று எளிதன்று. அங்குள்ள நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவும் அதிலே எழுந்த விகாரையும் 2019இல் நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் பொருளாயின. இரு சமயத்தாரும் ஒருகாலத்தில் ஒலி நிலையானதா, நிலையற்றதா என்று வாதிட்டவர்கள். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அனுமானத்தின் இலக்கணத்தை விளக்கும் அறவணர் கையாளும் எடுத்துக்காட்டே, உண்டாக்கப்படுவதால் ஒலி நிலையற்றது என்பதுதான். இன்று வாதம் நிலத்தின் மேலே நடக்கிறது.

ஒலி நிலையற்றது என்ற கட்சியில் பௌத்தரோடு நின்ற வைசேடிகரும் நையாயிகரும் அதன் பயணத்தை விளக்கிய விதம், ஒலிப்பதிவு பற்றிய சிந்தனைக்கு நேரடியாக உதவுகிறது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். ஆறுமுக நாவலர் அதை அச்சேற்றினார். அம்மரபின்படி ஒலி மூவகையாகப் பிறக்கும். முரசும் கோலும் கூடுவதாற் பிறப்பது ஒன்று. மூங்கிலைப் பிளக்கும்போது பிரிவினாற் பிறப்பது ஒன்று. ஒலியிலிருந்தே பிறப்பது மற்றொன்று. முரசில் எழுந்த முதல் ஒலி அங்கேயே பிறந்து அங்கேயே மடிகிறது, மடியுமுன் தன்னைப் போன்ற இன்னொன்றை அயலிலே பிறப்பிக்கிறது, அது மற்றொன்றை, இவ்வாறு தொடர்ந்து, காதின் துவாரத்துள் அடைபட்ட வெளியிலே பிறக்கும் கடைசி ஒலியையே மனிதன் கேட்கிறான். நீரலை பரவுதல் போலப் பரவும் என்பது வீசிதரங்க நியாயம். கடம்ப மொட்டு எல்லாப் பக்கமும் ஒருங்கே விரிதல் போலப் பரவும் என்பது கதம்பமுகுள நியாயம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதி, நாயாற்றுக் களப்பு கடலோடு சேரும் ஒடுங்கிய வாயைப் பாலத்தால் கடக்கிறது. காற்று ஓய்ந்த வேளையில் அப்பாலத்தின் கீழ் மிதக்கும் ஓர் இலையைப் பார்த்தால் முதல் நியாயம் கண்கூடாகும்: அலை கரையைத் தொட்டுவிட்டது, இலை நின்ற இடத்திலேயே ஏறி இறங்குகிறது.

இக்கொள்கையை ஏற்றால் வரும் முடிவு வியப்பானது. முரசுக்கு முன்னே பத்தடி தூரத்தில் நிற்பவரும் முரசின் ஒலியைக் கேட்பதில்லை. அதன் வழித்தோன்றலையே கேட்கிறார். நேரிற் கேட்பதற்கும் பதிவிற் கேட்பதற்கும் இடையே உள்ள பேதம் வகையைப் பற்றியதன்று, தலைமுறைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. வழித்தோன்றல் வரிசையிலே ஓரிடத்தில் காற்றுக்குப் பதிலாகக் காந்தநாடாவோ எண்வரிசையோ புகுந்துகொள்கிறது என்பது மட்டுமே புதுமை. ஆனால் அப்புதுமை சிறியதன்று. நையாயிகரின் வரிசையில் ஒவ்வோர் ஒலியும் அடுத்ததை உடனே பிறப்பித்தாக வேண்டும். இடையிலே ஒலியே இல்லாத ஒரு நாளோ ஒரு நூற்றாண்டோ கிடக்க அதில் இடமில்லை. நாவலர் 1879இல் மறைந்தார். எடிசனின் கருவிக்கு அப்போது இரண்டே வயது. இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால், இந்த இடைவெளிக்கு அவர் என்ன சமாதானம் எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு.

எதிர்க்கட்சியினரான மீமாஞ்சகருக்கு ஒலிப்பதிவு வாய்த்த சான்றாகத் தோன்றும். வேதம் எவராலும் ஆக்கப்படாதது என்று நிறுவ விரும்பிய சபரரும் குமாரிலரும், எழுத்தொலி என்றும் உள்ளது, நாவும் காற்றும் அதை வெளிப்படுத்துகின்றனவே அன்றி ஆக்குவதில்லை, இருளிற் கிடந்த குடத்தை விளக்குக் காட்டுவது போன்றது அது என்றனர். ஒருவர் இன்று சொன்ன ககரத்தையும் நாளை சொல்லும் ககரத்தையும் ‘அதே ககரம்’ என்று எவரும் இனங்காண்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டினர். பதிவைத் திரும்பப் போடும்போது ‘அதே அடி’ என்று கேட்போர் இனங்காண்பதும் அவ்வாறானதுதானே என்று கேட்கலாம். மீமாஞ்சகர் இந்த உதவியை ஏற்கமாட்டார். அவர்கள் நிலையானது என்றது எழுத்தொலியை மட்டுமே. எழுத்தாகாத வெற்றொலியைத் துவனி எனப் பிரித்து ஒதுக்குவது வழக்கம், அதற்குத் தருக்க நூல்கள் வழமையாகக் காட்டும் எடுத்துக்காட்டும் முரசுதான்.

தமிழர் இந்தப் பிரிவினையை ஒருபோதும் முழுமனத்தோடு ஏற்றதாகத் தெரியவில்லை. பறை என்னும் சொல்லுக்கே சொல்லுதல் என்பது பொருள். ஈழத்துப் பேச்சுவழக்கிலே ‘பறைதல்’ இன்றும் பேசுதலைக் குறிக்கிறது. முல்லைமோடி எனப்படும் முல்லைத்தீவுக் கூத்து மரபில், கோவலன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டை முதலில் வாயாற் சொல்லி, அதையே மத்தளத்தில் வாங்கி, ஆடுபவரின் காலில் இறக்குகிறார். எழுத்து துவனியாகி, துவனி மிதியாகிறது. அவருடைய கண் ஆடுபவரின் காலிலிருந்து அகல்வதில்லை. கால் பிந்தினால் மத்தளம் காத்து நிற்கும். கிளிக் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

முரசைப் பற்றிய உவமைகளுள் மிக ஆழமானது பிருகதாரணியக உபநிடதத்தில் உள்ளது. முரசு முழங்கும்போது வெளியே பரவும் ஒலிகளைத் தனித்துப் பிடிக்க இயலாது, முரசையோ முழக்குபவரையோ பிடித்தால் ஒலியும் பிடிபடும் என்று யாஞ்ஞவல்கியர் தம் மனைவி மைத்திரேயிக்குச் சொல்கிறார்; ஆன்மாவை அறிந்தால் அதனின்று விரிந்த அனைத்தும் அறியப்படும் என்பது கருத்து. 1877க்குப் பின் இவ்வுவமையின் முதற்பாதி பொய்த்துவிட்டது. முரசையும் முழக்குபவரையும் விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடிப்பதே ஒலிப்பதிவின் தொழில். லெட் செப்பலின் குழுவினர் ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ என்ற பாட்டுக்காக இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையின் கூடத்தில் ஜோன் பொனமின் டிரம்ஸை வைத்து, படிக்கட்டின் மேல்தளத்தில் இரண்டே ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிந்தனர். 1971இல் அது வெளிவந்தது. கூடத்தின் சுவரும் படியும் உயரமும் சேர்ந்தே அந்த அடிக்கு உருவம் கொடுத்தன. பொனம் 1980இல் இறந்தார்; 1986இல் பீஸ்டி போய்ஸ் குழுவினர் அதே அடிகளை எடுத்துத் தம் பாட்டுக்கு அடித்தளமாக்கினர். முழக்கியவர் இல்லை, கூடமும் அங்கே இல்லை, ஒலி மட்டும் தனித்துப் பிடிபட்டு நிற்கிறது.

இன்னும் துலக்கமான வழக்கு, த வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்கக் குழு 1969இல் பதிந்த ‘ஆமென், பிரதர்’ என்ற இசையின் நடுவே கிரகரி கோல்மன் தனித்து வாசித்த ஏழு வினாடிக்குக் குறைவான பகுதி. ‘ஆமென் பிரேக்’ எனப் பெயர் பெற்ற அத்துண்டு பல்லாயிரம் பாட்டுகளுள் வெட்டி ஒட்டப்பட்டது. வாசித்தவருக்கு அதனால் உரிமைப்பணம் ஏதும் கிட்டவில்லை, 2006இல் வறியவராகவே இறந்தார். மீமாஞ்சகர் வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதையே அதன் பெருமையாகக் கொண்டனர். ஆசிரியர் இல்லாத சொல்லிலே ஆசிரியரின் குற்றமும் ஏற இடமில்லை என்பது அவர்களின் நியாயம். அவர்கள் காணாத மறுபக்கம் ஒன்று இங்கே தெரிகிறது. ஆசிரியர் உதிர்ந்துபோகும் ஒலியில் குற்றம் மட்டும் உதிர்வதில்லை, கூலியும் உதிர்கிறது.

அடிப்பவரின் பெயர் உதிர்வது தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. பறையொலி ஊருக்குத் தேவைப்பட்டது, பறையடித்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். ஈழத்தில் பறைமேளம் என வழங்குவது தமிழ்நாட்டுப் பறையைப் போல ஒருமுகமுடைய தட்டையான கருவி அன்று. இருமுகம் கொண்டு உருண்டு நீண்டது. அதை அடிப்பது ஒரு சாதியாரின் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தமையால், கைவிடுதலே விடுதலை எனக் கருதியவர்கள் உளர். மட்டக்களப்பின் பறைமேளக்கூத்தை முன்னெடுப்போர் போல, அதைக் கலையாக உயர்த்திப் பிடித்தலே விடுதலை எனக் கருதுவோரும் உளர். இரண்டுக்கும் நியாயம் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் உருவாக்கியது; அயோத்திதாசர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் தொடரிலிருந்து பெயர் பெற்று, றொக் டிரம்ஸோடு பறையையும் சட்டியையும் கட்டமோளத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. ஈழத்து வேருள்ள மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ இசைத்தட்டுக்காக உறுமி மேளத்தைச் சென்னையிலே பதிந்தார்.

இவ்வகைப் பதிவுகளில் தொழிலறிந்தோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று தத்துவத்துக்கும் பொருள் தருகிறது. தமிழ்நாட்டுப் பறையின் தோலை அடிக்குமுன் வைக்கோல் தீயிற் காய்ச்சுவர். காய்ந்த தோல் விறைத்துக் கூர்மையாக ஒலிக்கும், ஈரக்காற்றில் மெல்லத் தளர்ந்து சுருதி இறங்கும், திரும்பவும் காய்ச்ச வேண்டும். டிரம்ஸின் பிளாத்திக்குத் தோல் நாள் முழுதும் ஏறத்தாழ ஒரே சுருதியில் நிற்பதால், காலையில் வாசித்த பகுதியையும் மாலையில் வாசித்த பகுதியையும் தையல் தெரியாமல் ஒட்டலாம். பறையில் அது முடிவதில்லை. காய்ச்சிய உடனே அடித்ததையும் கால்மணி கழித்து அடித்ததையும் ஒட்டினால் தையல் காதுக்குத் துலக்கமாகத் தெரியும். அக்கருவி தன் காலத்தைத் தோலிலே எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணமும் பொருள் அழிந்து புதிதாகிறது என்ற பௌத்தரின் கணபங்கவாதத்தை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முயன்று மறுத்தார். பறைத்தோலைப் பொறுத்தமட்டில் பௌத்தர் கட்சி அவ்வளவு எளிதாகத் தோற்பதில்லை.

சைவ சித்தாந்தம் முரசை உவமையாக அன்றி இறைவனின் கையிலேயே வைத்தது. கூத்தப்பெருமானின் துடியிலிருந்து படைப்பு எழுகிறது என்று மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் கூறும். தத்துவங்களின் வரிசையில் முதலாவதாக நிற்பதும் நாதமே. இத்தத்துவத்தின் உயிர்நாடி அதன் காரணக் கொள்கை. எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணம் வேண்டும்: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். மண்ணும் திரிகையும் அறிவற்றவை. அறிவற்றது தானாகத் தொழிற்படாது. ஆகையால் அறிவுடைய ஒருவர் வேண்டும் என்பதே உலகுக்கு இறைவன் உண்டு என்பதற்கு அவர்கள் காட்டும் அனுமானம். முரசுக்கு இதைப் பொருத்தினால் தோல் முதற்காரணம், கோல் துணைக்காரணம், அடிப்பவர் நிமித்தகாரணம்.

இந்த இடத்திலேதான் மின்மேளம் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பல கோயில்களின் மண்டபத்து மூலையில், முரசும் மணியும் தாளமும் ஒரு சட்டத்திலே பூட்டப்பட்டு, மோட்டாரின் சுழற்சியால் இயங்கும் இரும்புக் கைகள் அவற்றை அடிக்கும் இயந்திரத்தைக் காணலாம். தோல் உண்மையான தோல், கோல் உண்மையான கோல், ஒலியும் அந்த இடத்தில் அந்தக் கணத்தில் பிறந்த ஒலி. இது பதிவு அன்று. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு நேரெதிரான நிலை இது: அங்கே அடித்தவர் உண்டு, முரசு எதிரே இல்லை, இங்கே முரசு எதிரே உண்டு, அடிப்பவர் இல்லை. தானே அடிக்கிறது என்று சித்தாந்தி சொல்ல முடியாது. சொன்னால் மாயை தானே உலகைப் படைத்தது என்று சொல்பவருக்குக் கதவைத் திறந்துவிட்டவராவார். ஆகவே ஆளியை அழுத்தியவரே நிமித்தகாரணர் என்று அவர் கொள்ள வேண்டியிருக்கும். ஆளியை அழுத்துவது அடிப்பதாகுமா என்றால், குயவரும் திரிகையை ஒருமுறை சுழற்றிவிட்டு அதன் வேகத்தைத்தான் பயன்படுத்துகிறார் என விடை கூறலாம். ஆனால் குயவரின் விரல் மண்ணின் மேல் இருக்கிறது, மண் இளகும் இடத்தில் விரல் விலகுகிறது. வாத்தியம் வழிபாட்டின் உபசாரங்களுள் ஒன்றாக ஆகமங்களில் வைக்கப்பட்டமைக்குக் காரணம் இறைவனுக்கு ஒலி தேவைப்பட்டது என்பதன்று. ஒருவர் தம் கையைக் கொடுக்கிறார் என்பது. இந்த அளவையால் நோக்கும்போது, ஒரு பாட்டுக்காக நாற்பது தடவை வியர்த்து வாசித்து, அதன் துண்டுகள் ஒட்டப்படுவதற்கு ஒப்புக்கொடுக்கும் றொக் குழுவின் வாசிப்பாளர், மின்மேளத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அடியாரைக் காட்டிலும் சித்தாந்தத்துக்கு அருகிலே இருக்கிறார். அவருடைய முரசு ஆணிகளால் ஆனதாக இருக்கலாம். ஆணி ஒவ்வொன்றையும் அறைந்தது ஒரு கை.

மின்மேளத்துக்கும் ஒரு பாதகமான பொழுது உண்டு. தீபாராதனையின் நடுவே மின்சாரம் நின்றுபோகும். இரும்புக் கைகள் எந்த அடியில் இருந்தனவோ அந்த அடியிலேயே அந்தரத்தில் நின்றுவிடும். அருகில் நிற்கும் பொடியன் எவனாவது மூலையிலே தொங்கும் சேமக்கலத்தை எடுத்து அடிக்கத் தொடங்குகிறான். முதல் நாலைந்து அடி ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, மோட்டார் விட்டுப்போன வேகத்தைப் பிடிக்க முயன்று தவறுகிறான். பின்னர் அந்த முயற்சியைக் கைவிட்டுக் குருக்களின் கையைப் பார்க்கிறான். குருக்களும் சுற்றிய தீபத்தைச் சற்றுத் தாழ்த்தி, அவனுடைய அடி வருமட்டும் நிறுத்தி, மறுபடி சுற்றுகிறார்.